தோசையை வெட்டினா 7, ஆன்சர் கீயில 8

ரொம்ப நாளாச்சுங்க இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல ஒரம்பரை, மழைக்குக் கரண்ட் இல்லைன்னு நொண்டிச்சாக்கு நாலஞ்சு கைவசம் இருக்கு. ஆனா போன ஞாயித்துக்கிழமை தொண்டாமுத்தூர்ல எங்க வீட்டுத் திண்ணையில நடந்த பஞ்சாயத்தை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. கணக்கு சமாச்சாரம்னதும் ஓடிராதீங்க மக்களே. கூட்டல் தெரிஞ்சாப் போதும், மீதியைத் தோசை பார்த்துக்கும் :)

எங்கண்ணன் மக எட்டாவது படிக்கிறா, கவர்மெண்ட் ஸ்கூல்ல. இந்த வருஷம் என்.எம்.எம்.எஸ். பரீட்சைக்குத் தயாராகிட்டு இருக்கா. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், இது 2008-ல மத்திய அரசு ஆரம்பிச்ச உதவித்தொகைத் திட்டம். அரசுப் பள்ளியிலயும் அரசு உதவி பெறும் பள்ளியிலயும் எட்டாவது படிக்கிற பிள்ளைகள் எழுதலாம். பெத்தவங்க வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள்ள இருக்கணும். தேறிட்டா ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மாசம் 1000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. கொஞ்சம் வாழையும் நாலு மாடும் வச்சுட்டு ஓட்டற எங்கண்ணனுக்கு அது சின்னக் காசு இல்லைங்க.

பரீட்சையில ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணுலயும் 90 கேள்வி. ஒண்ணு பாடத்துல இருந்து, இன்னொண்ணு மனத்திறன். அந்த மனத்திறன் பேப்பர்ல வர்ற அயிட்டம்தான் எண் தொடர். நாலஞ்சு எண்ணைக் கொடுத்துட்டு 'அடுத்து வரும் எண் எது?'ன்னு கேக்கறது. இதே அயிட்டம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-லயும் உண்டு, பேங்க் பரீட்சையிலயும் உண்டு. குரூப் 4-ல 200 கேள்வியில 25 இந்தத் திறனறிவு வகையறா. ஆக எட்டாவதுல ஆரம்பிச்சா முப்பது வயசு வரைக்கும் நம்ம சனங்களை விடாம துரத்தற கேள்வி இது.

போன வாரம் பாப்பாவுக்கு ஒரு பயிற்சித் தாள் குடுத்திருக்காங்க. அதுல ஒரு கேள்வி:

1, 2, 4, ?
அ) 6  ஆ) 7  இ) 8  ஈ) 10

பாப்பா 7-ன்னு போட்டிருக்கா. பக்கத்துலயே பென்சில்ல குட்டியூண்டா '1 கூட்டினா 2, 2 கூட்டினா 4, 3 கூட்டினா 7'ன்னு காரணமும் எழுதி வச்சிருக்கா. சிவப்பு மையில பெரிய இன்ட்டு. சரியான விடை 8-ஆம். ஒவ்வொண்ணும் முந்தினதுக்கு ரெண்டு மடங்கு.

டீச்சர்கிட்டப் போய்க் கேட்டிருக்கா. அவங்களும் பாவம், திட்டலை. "நீ சொல்றதும் வருது கண்ணு, ஆனா கீயில எட்டுன்னு இருக்குதே, நான் என்ன பண்ண?"ன்னு சொல்லியிருக்காங்க.

ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போனதும் அண்ணன் தாளைத் தூக்கி என் முன்னாடி போட்டாரு. "ஏண்டா, நீ கணக்குல டிகிரி வாங்கினவன்தானே, எதுடா சரி?"

"ரெண்டும் சரிதாண்ணா."

"இந்த வழவழா கொழகொழாவே வேண்டாங்கறேன். பரீட்சையில ரெண்டுக்கும் மார்க் போடுவானா?"

அது நியாயமான கேள்வி. எங்கிட்ட பதில் இல்லை. ஆனா என்னை உலுக்கினது அண்ணன் கேட்டது இல்லைங்க. பாப்பா சொன்னதுதான். "பரவாயில்ல சித்தப்பா. இனிமே காரணமெல்லாம் எழுதலை. கேள்வி போட்டவங்க என்ன நெனச்சிருப்பாங்கன்னு பார்த்து அதையே போட்டுடறேன்."

பதிமூணு வயசுப் பிள்ளைங்க. கணக்குல இருந்து இதைத்தான் கத்துக்கிட்டு வந்திருக்கா.

*

சரி, ரெண்டும் எப்படிச் சரின்னு பார்த்துடலாம். அண்ணி அப்பத்தான் தோசை ஊத்திட்டு இருந்தாங்க. ஒண்ணை வாங்கித் தட்டுல போட்டேன். வெட்டறதுக்கு முன்னாடி 1 துண்டு. கத்தியால நேரா ஒரு வெட்டு, 2 துண்டு. குறுக்க இன்னொரு வெட்டு, 4 துண்டு. மூணாவது வெட்டை நடுவுல கொண்டுபோகாம, முதல் ரெண்டு கோட்டையும் வேற வேற இடத்துல தாண்டற மாதிரி சாய்ச்சு வெட்டினேன். எண்ணு பாப்பான்னேன். 7! பாப்பா மூஞ்சியைப் பார்க்கணுமே. அவ போட்ட 7 வெறும் கூட்டல் விளையாட்டு இல்லை, தட்டுல கிடக்குது. நாலாவது வெட்டுக்கு 11 வரும், அதுக்கப்புறம் 16. அவ எழுதின விதிப்படியே 4 கூட்டு, 5 கூட்டுன்னு போகும்.

அப்ப 8? அதுக்கும் ஆதாரம் இருக்கு. ஒரு காகிதத்தை எடுத்து மடிங்க. மடிக்காதப்ப 1 அடுக்கு, ஒரு மடிப்புக்கு 2, ரெண்டு மடிப்புக்கு 4, மூணு மடிப்புக்கு 8. ஆன்சர் கீ காகிதத்தைச் சொல்லுது, எங்க பாப்பா தோசையைச் சொல்றா. கேள்வியில தோசையும் இல்லை, காகிதமும் இல்லை. வெறும் 1, 2, 4 மட்டும் இருக்கு. இதுல எப்படிங்க ஒருத்தரை மட்டும் தப்புன்னு சொல்றது?

இதுல இன்னொரு கூத்து. பக்கத்துல உக்காந்து பார்த்துட்டிருந்த அண்ணன், "எதுக்குடா கோணலா வெட்டற?"ன்னு கேட்டுட்டு அவர் தோசையை மூணு தரமும் நடுப்புள்ளி வழியாவே வெட்டினாரு. 6 துண்டு வந்துது. அதாவது 1, 2, 4, 6. அ-வும் சரியாப் போச்சு! நாலு விடையில மூணு தேறிடுச்சு. ஈ-யை அப்புறம் பார்க்கலாம்.

*

"மூணு எண்ணு மட்டும் குடுத்தா அப்படித்தான் குழம்பும், இன்னும் ரெண்டு குடுத்துட்டா ஒரே விடைதானே வரும்?"னு நீங்க கேக்கலாம். நானும் காலேஜ் போற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

வாசல்ல சாக்பீஸ்ல ஒரு பெரிய வட்டம் போட்டேன். ஓரத்துல புள்ளிகள் வைக்கணும், எல்லாப் புள்ளியையும் ஒண்ணோட ஒண்ணு நேர்கோட்டால இணைக்கணும், வட்டம் எத்தனை பாகமாப் பிரியுதுன்னு எண்ணணும். ஒரு புள்ளிக்கு 1 பாகம். ரெண்டு புள்ளிக்கு 2. மூணுக்கு 4. நாலுக்கு 8. அஞ்சுக்கு 16. "அடுத்தது 32 சித்தப்பா, இது கூடவா தெரியாது"ன்னா பாப்பா. போட்டுப் பாருன்னேன்.

ஆறு புள்ளியை அழகா, சம இடைவெளியில வச்சுப் போட்டா. எண்ணினா 30. மறுபடி எண்ணினா 30. மூணு கோடு நடுவுல ஒரே இடத்துல சந்திச்சதால ஒரு பாகம் காணாமப் போயிருந்துது. புள்ளிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வச்சு, நடுவுல ஒரு குட்டி முக்கோணம் வர்ற மாதிரி போட்டா 31. அதுதான் அதிகபட்சம். தலைகீழா நின்னாலும் 32 வராது. ஏழு புள்ளிக்கு 57.

1, 2, 4, 8, 16-ன்னு அஞ்சு எண் கண்ணு முன்னாடி இரட்டிச்சு இரட்டிச்சு வந்துட்டு, ஆறாவதுல காலை வாரி விட்டுடுச்சு. இதுல வட்டத்தோட தப்பு எதுவும் இல்லை. 'இரட்டிக்குது'ங்கறது நாமளா வட்டத்து மேல ஏத்தின கதை.

இன்னும் ஒரு படி மேல போலாம். 2, 4, 6, 8, அடுத்தது? 10-ன்னு சொல்லாதவங்க யாரு. நான் 34-ன்னு சொல்றேன். என் விதி இதுதான். எத்தனாவது இடமோ அதை ரெண்டால பெருக்குங்க. அதே இட எண்ணுல இருந்து 1, 2, 3, 4-ஐத் தனித்தனியாக் கழிச்சு, வர்ற நாலு எண்ணையும் ஒண்ணோட ஒண்ணு பெருக்கி, முன்னாடி வந்ததோட கூட்டுங்க. முதல் நாலு இடத்துலயும் அந்தப் பெருக்கல்ல ஒரு பூஜ்யம் மாட்டிக்கும், அதனால 2, 4, 6, 8 அப்படியே வரும். அஞ்சாவது இடத்துல 10-ஓட 4×3×2×1, அதாவது 24, சேர்ந்து 34. அந்த 24-ஐ வேணுங்கற அளவுக்குப் பெருக்கியோ சுருக்கியோ விட்டா உங்க பைக் நம்பரையே கூட அடுத்த எண்ணாக் கொண்டு வரலாம். எவ்வளவு நீளமான தொடர் கொடுத்தாலும் இந்த வித்தையைச் செய்யலாம்.

இது அழுகுணி ஆட்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா கணக்கு விதியில இதைத் தடுக்க ஒண்ணும் இல்லை. 'அடுத்த எண் எது?'ங்கற கேள்விக்கு எண்களை மட்டும் வச்சுப் பதில் சொல்ல முடியாது. கேக்கறவர் மனசுல என்ன இருக்குன்னு ஊகிச்சுத்தான் சொல்ல முடியும். பாப்பா கசப்போட கண்டுபிடிச்சதும் அதையேதான்.

*

இந்த இடத்துல நம்ம ஊர்க்காரர் ஒருத்தரை இழுக்காம இருக்க முடியலை. கும்பகோணத்துக்காரங்க சண்டைக்கு வராதீங்க, ராமானுஜன் வளர்ந்தது உங்க ஊர்தான், ஆனா 1887 டிசம்பர் 22-ம் தேதி பொறந்தது எங்க கொங்கு நாட்டு ஈரோட்டுலதான் :)

2, 3, 5, 7, 11, அடுத்தது? பகா எண் படிச்ச எல்லாரும் 13-ன்னு சொல்லுவோம். இப்ப தேங்காய்க்கு வாங்க. 4 தேங்காய் இருக்கு, குவியல் குவியலாப் பிரிச்சு வைக்கணும். எத்தனை விதமா வைக்கலாம்? நாலும் ஒரே குவியல், 3-ம் 1-ம், 2-ம் 2-ம், 2-ம் 1-ம் 1-ம், நாலும் தனித்தனி. மொத்தம் 5 விதம். இதே மாதிரி 2 தேங்காய்க்கு 2 விதம், 3-க்கு 3, 4-க்கு 5, 5-க்கு 7, 6-க்கு 11. அடுத்து 7 தேங்காய்க்கு? 15! பகா எண்ணும் தேங்காய்க் குவியலும் அஞ்சு அடி ஒண்ணா நடந்து வந்துட்டு ஆறாவது அடியில பிரிஞ்சு போயிடுது.

இந்தக் குவியல் கணக்குதான் ராமானுஜனுக்குப் பெரும் பேர் வாங்கிக் கொடுத்ததுல ஒண்ணு. பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனா 200 தேங்காய்க்குப் போனா விடை 39,72,99,90,29,388. கிட்டத்தட்ட நாலு லட்சம் கோடி. மக்மஹோன்னு ஒருத்தர் 200 வரைக்கும் கையாலேயே கணக்குப் போட்டு அட்டவணை பண்ணி வச்சிருந்தாரு. ராமானுஜனும் ஹார்டியும் 1918-ல வெளியிட்ட சூத்திரத்தை அதோட ஒப்பிட்டுத்தான் சரி பார்த்தாங்க.

அந்த அட்டவணையில ராமானுஜன் ஒண்ணைக் கவனிச்சாரு. 4, 9, 14, 19, 24-ன்னு அஞ்சஞ்சாப் போனா விடைகள் 5, 30, 135, 490, 1575. எல்லாமே அஞ்சால வகுபடுது. நம்மளா இருந்தா 'ஆஹா, அடுத்ததும் அஞ்சால வகுபடும்'னு டிக் அடிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். அவர் உக்காந்து ஏன்னு கேட்டு, எத்தனை தூரம் போனாலும் வகுபடும்னு நிரூபிச்சாரு. இதே மாதிரி 5-ல ஆரம்பிச்சு ஏழேழாப் போனா 7-ஆல வகுபடும், 6-ல ஆரம்பிச்சுப் பதினொண்ணு பதினொண்ணாப் போனா 11-ஆல வகுபடும்.

இப்ப பரீட்சைக் கேள்வி: 5, 7, 11, அடுத்தது?

13-ஆ? 15-ஆ? விடை: ஒண்ணுமே இல்லை! இந்த மூணைத் தவிர வேற எந்தப் பகா எண்ணுக்கும் இவ்வளவு எளிமையான விதி இருக்கற மாதிரி தெரியலைன்னு ராமானுஜனே எழுதி வச்சுட்டுப் போனாரு. அது உண்மைதான்னு ஆல்கிரன், பாய்லன்னு ரெண்டு பேர் 2003-ல நிரூபிச்சாங்க. எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. தொடரோட அடுத்த எண்ணே கிடையாது, மூணோட முடிஞ்சு போச்சு. இந்தக் கேள்வியை நாலு ஆப்ஷனோட ஒரு தாள்ல போட்டிருந்தா ராமானுஜனும் ஃபெயில்தான். கும்பகோணம் காலேஜ்ல கணக்கைத் தவிர மத்ததைப் படிக்காம உதவித்தொகையைப் பறிகொடுத்தவர் அவர், இன்னொரு உதவித்தொகையும் போயிருக்கும் :(

உடனே ராமானுஜனுக்கு எல்லாமே சரியா வந்துதுன்னு நெனச்சுக்காதீங்க. 1913-ல ஹார்டிக்கு எழுதின கடிதங்கள்ல பகா எண்களைப் பத்தி அவர் சொன்னதுல சிலது தப்பாப் போச்சு. அதனாலதான் ஹார்டி திரும்பத் திரும்ப 'நிரூபணம் எங்கே?'ன்னு கேட்டாரு. அவ்வளவு பெரிய மேதைக்கே கண்ணுக்குத் தெரியற ஒழுங்கு மட்டும் பத்தலை, காரணம் வேண்டியிருந்துது. நம்ம பிள்ளைங்ககிட்ட மட்டும் காரணம் வேண்டாம், எண்ணை மட்டும் சொல்லுங்கறோம்.

*

நிஜமாவே அடுத்த எண் தேவைப்பட்ட ஒருத்தர் என்ன பண்ணாருன்னும் சொல்லிடறேன். நீல் ஸ்லோன்னு ஒருத்தர், 1964-ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவர். அவர் ஆராய்ச்சியில 1, 8, 78, 944-ன்னு ஒரு தொடர் வந்துது. அதுக்கப்புறம் எப்படிப் போகும்னு தெரியணும். புஸ்தகத்துல தேடினா கிடைக்கலை. அதுல ஆரம்பிச்சு, கண்ணுல பட்ட தொடரையெல்லாம் அட்டையில எழுதிச் சேர்த்து வச்சாரு. 1973-ல புஸ்தகமாப் போட்டாரு, 1996-ல இணையத்துல ஏத்தினாரு. இன்னைக்கு அந்தக் களஞ்சியத்துல மூன்றரை லட்சத்துக்கும் மேல தொடர்கள் இருக்கு. 1, 2, 4-ன்னு போட்டுத் தேடினா ஆயிரக்கணக்குல கொட்டும். பகா எண்ணும் தேங்காய்க் குவியலும் அதுல 40, 41-னு அடுத்தடுத்த நம்பர்ல பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்காங்க!

அங்க ஒரு ஒழுங்கு இருக்குங்க. எந்தத் தொடரைப் பார்த்தாலும் அது எதை எண்ணுதுன்னு முதல் வரியில போட்டிருக்கும். தோசையா, காகிதமா, தேங்காயான்னு சொன்னதுக்கப்புறம்தான் எண்கள். நம்ம கேள்வித்தாள் மட்டும்தான் எண்களைக் கொடுத்துட்டு தோசையை ஒளிச்சு வைக்குது.

*

இதையெல்லாம் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் எடுக்கற என் ஃப்ரெண்டுகிட்டச் சொன்னேன். அவன் சிரிச்சுட்டான். "மாப்ள, லட்சக்கணக்குல எழுதறாங்க, மிஷின் திருத்துது. ஒவ்வொருத்தன் காரணத்தையும் எவன் படிப்பான்? இருக்கறதுலயே சுலபமான விதி எதுவோ அதுதான் விடை. இது எல்லாருக்கும் தெரியும். நீ தத்துவம் பேசிட்டு உக்காந்திருந்தா பக்கத்துல இருக்கறவன் வேலையைத் தட்டிட்டுப் போயிருவான்."

அவன் சொல்றதுல பாதி நியாயம். 34 வித்தை மாதிரி சுத்தி வளைச்ச விதியை ஒதுக்கிட்டு சுலபமானதை எடுக்கணுங்கறதை ஒத்துக்கறேன், விஞ்ஞானமே அப்படித்தான் நடக்குது. ஆனா எது சுலபம்னு யார் முடிவு பண்றது? ரெண்டு மடங்கு சுலபமா, 1, 2, 3-ன்னு கூட்டறது சுலபமா? பெருக்கலுக்கு முன்னாடி கூட்டல்தானே படிக்கிறோம்? ஒரு பிள்ளைக்குத் தோசை முதல்ல தெரியும், இன்னொண்ணுக்குக் காகிதம். அதுல எது புத்திசாலித்தனம்னு மிஷின் எப்படிச் சொல்லும்?

மிஷின்தான் திருத்தணும்னா கேள்வி போடறவங்க இன்னும் கவனமா இருக்கணும். மூணு எண்ணைக் கொடுத்து நாலாவதைக் கேக்கக் கூடாது. நியாயமா வரக்கூடிய ரெண்டு விடையை ஒரே ஆப்ஷன் பட்டியல்ல போடக் கூடாது. 7 அந்தப் பட்டியல்ல இல்லாம இருந்திருந்தா எங்க பாப்பா யோசிச்சு 8-க்கு வந்திருப்பா, இந்தப் பஞ்சாயத்தே வந்திருக்காது. டி.என்.பி.எஸ்.சி.யில உத்தேச விடையை வெளியிட்டு ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்கன்னு கேக்கறாங்க. விடைக்குறிப்பும் மனுஷன் எழுதினதுதான்னு அங்க ஒத்துக்கறாங்க இல்லையா? அந்த மரியாதையை எட்டாவது பிள்ளைக்கும் குடுக்கலாமே.

பரீட்சையை விட வகுப்பறைதான் எனக்குப் பெரிசாப் படுது. அங்க மிஷின் இல்லை, டீச்சர் இருக்காங்க. எண்ணுக்கு அரை மார்க், காரணத்துக்கு அரை மார்க் போடலாம். வேற எண்ணு எழுதினாலும் காரணம் ஓட்டையில்லாம இருந்தா முழு மார்க். அதோட பிள்ளைங்களையே தொடர் போடச் சொல்லலாம். அடுத்தவனுக்கு ரெண்டு விடை வராத மாதிரி ஒரு தொடர் போடுன்னு சொல்லிப் பாருங்க, மண்டை காயும்.

*

"இவ்வளவு அலட்டிக்கற அளவுக்கு ஒரு மார்க்குல என்னடா இருக்கு?"ன்னு கேக்கறவங்களுக்காக ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நான் பத்தாவது படிக்கறப்ப எங்கய்யன் சின்ன வெங்காயம் போட்டிருந்தாரு. நல்ல விளைச்சல். அறுவடை சமயத்துல விலை கிலோவுக்கு 14. அடுத்த வாரம் 16. அதுக்கடுத்த வாரம் 18. அய்யன் விக்கலை, பட்டறை போட்டு வச்சுட்டாரு. 20 வந்துது. "பாத்தியா, வாரத்துக்கு ரெண்டு ரூவா ஏறுது, ஒரு மாசம் பொறுத்தா 28"ன்னாரு. எனக்கும் பெருமையா இருந்துது, எண் தொடர் போட்ட பையன் இல்லையா? 14, 16, 18, 20, அடுத்தது 22-ன்னு நானும் தலையாட்டினேன்.

அடுத்தது 9. பெரம்பலூர்ப் பக்கம் மழையால தள்ளிப் போயிருந்த அறுவடை மொத்தமா மார்க்கெட்டுக்கு வந்து இறங்கிடுச்சு. விலை ஏறினதுக்குக் காரணமே அந்தச் சரக்கு வராததுதான். அய்யன் எண்ணைப் பார்த்தாரு, எண்ணுக்குப் பின்னாடி இருந்த மழையைப் பார்க்கலை. பட்டறையில பாதி அழுகிப் போச்சு. அந்த வருஷம் அம்மாவோட வளையல் அடகுக்குப் போச்சு. நான் ஏன் கணக்குப் படிச்சேன்னு யாராச்சும் கேட்டா வேற கதை சொல்லுவேன், உண்மையான காரணம் அந்த 9-தான்.

நிலம் விலை ஏறுது, இன்னும் ஏறும்னு வாங்கறோம். சீட்டுக்கம்பெனிக்காரன் மூணு மாசம் ஒழுங்கா வட்டி கொடுத்தா நாலாவது மாசமும் கொடுப்பான்னு நம்பறோம். எல்லாம் இதே கேள்விதாங்க. அங்க ஆன்சர் கீ கிடையாது. 'இது ஏன் இப்படிப் போகுது?'ன்னு கேக்கற பழக்கம் ஒண்ணுதான் காப்பாத்தும். அந்தப் பழக்கத்தைத்தான் பாப்பா பென்சில்ல குட்டியா எழுதி வச்சிருந்தா. அதுக்கு மேலதான் சிவப்பு இன்ட்டு விழுந்துது.

*

வீட்டுல பிள்ளைங்க இருந்தா இந்த ஆட்டத்தை ஆடிப் பாருங்க. பீட்டர் வாசன்னு ஒரு உளவியல்காரர் 1960-ல லண்டன்ல செஞ்ச சோதனை இது. '2, 4, 6, இது என் மனசுல இருக்கற விதிக்குப் பொருந்துது. நீங்க மூணு மூணு எண்ணாச் சொல்லுங்க, பொருந்துதா இல்லையான்னு சொல்றேன். விதியைக் கண்டுபிடிங்க.' எங்கண்ணன் 8, 10, 12-ன்னாரு. பொருந்துது. 20, 22, 24? பொருந்துது. "ரெண்டு ரெண்டாக் கூடுது, இதென்னடா பெரிய விஷயம்!" தப்பு. கடைசியில பாப்பாதான் '1, 5, 90'ன்னு கேட்டா. அதுவும் பொருந்துது! விதி, எண்கள் ஏறுவரிசையில இருக்கணும், அவ்வளவுதான். வாசன் சோதனையிலயும் முக்கால்வாசிப் பேர் எங்கண்ணன் மாதிரிதான் மாட்டினாங்க. தான் நெனச்சது சரின்னு காட்டற எண்களையே கேட்டுட்டு இருந்தாங்க, அதை உடைக்கற எண்ணைக் கேக்கலை.

திங்கக்கிழமை பாப்பா ஸ்கூலுக்குப் போறப்ப தோசைப் படத்தை நோட்டுல வரைஞ்சு கொண்டு போனா. டீச்சர் அதை போர்டுல வரையச் சொல்லியிருக்காங்க. கிளாஸே முக்கா மணி நேரம் சண்டை போட்டிருக்கு. "போர்ஷன் முடிக்க முடியலைங்க, உங்க தோசையாலதான்"னு டீச்சர் அண்ணன்கிட்டச் சலிச்சுக்கிட்டாங்களாம். மார்க் மாத்தலை. அதை நானும் கேக்கலை. ஆனா பாப்பா அடுத்த பயிற்சித் தாள்லயும் பென்சில்ல காரணம் எழுதியிருக்கான்னு அண்ணி போன்ல சொன்னாங்க. எனக்கு அது போதும்.

பி.கு.: ஈ) 10 பாக்கி இருக்கு இல்லையா? ஃப்ரெண்ட்ஸ் ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போறாங்க. ஒருத்தர் தனியாவும் போலாம், இன்னொருத்தரோட ஜோடி சேர்ந்தும் போலாம், ஆனா மூணு பேர் சேர்ந்து போகக் கூடாது. ஒருத்தர்னா 1 விதம். ரெண்டு பேர்னா 2 விதம். மூணு பேர்னா 4. நாலு பேர்னா? எல்லாரும் தனித்தனியா 1, ஒரே ஒரு ஜோடி மட்டும்னா 6, ரெண்டு ஜோடின்னா 3. கூட்டிக்கோங்க.

ஆக அ, ஆ, இ, ஈ நாலும் சரி. எங்க பாப்பா எதை டிக் அடிச்சிருந்தாலும் முழு மார்க் போட்டிருக்கணும் :)